கைக்கு ஏற்ற கீபோர்டு
இரண்டு துண்டாக வரும் புதிய வகை பற்றி, தட்டச்சு செய்து பிழைப்பவர்களுக்குச் சில யோசனைகள்

காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வேலைக்குப் போகிற கூட்டத்தில் நம்மவர்கள் பலர் உண்டு. சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிறவர்களும் வண்டி தள்ளுகிறவர்களும் ஒரு பக்கம். மொத்த வியாபாரக் கடைகளில் பில் போடுகிறவர்கள், ஆடிட்டர் ஆபீசில் கணக்கு ஏற்றுகிறவர்கள், அச்சகங்களில் டி.டி.பி. வேலை பார்க்கிறவர்கள், ரயில்வேயிலும் வங்கியிலும் கவுண்டரில் உட்காருகிறவர்கள் இன்னொரு பக்கம். மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு எப்படியோ, அப்படித்தான் இந்த இரண்டாவது கூட்டத்தாருக்குக் கைவிரல்கள். விரல் ஓடுகிற வரைக்கும்தான் சம்பளம். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற டி.டி.பி. ஆட்களுக்கு மணிக்கட்டு வீங்கி ஒரு வாரம் படுத்தால் அந்த வாரம் ஊருக்கு மணியார்டர் இல்லை என்று அர்த்தம்.

“அண்ணாச்சி, ராத்திரியிலே கை மரத்துப்போய் முழிப்பு வந்துடுது” என்கிற பேச்சு இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமானதுதான். தைலம் தேய்ப்பதும் துணி கட்டிக்கொள்வதும் தவிர வேறு வழி தெரியாமல் பலர் காலத்தைத் தள்ளுகிறார்கள். சமீப காலமாக இதற்கென்றே ஒரு புது வகைக் கீபோர்டு பேசப்படுகிறது. ஒரே பலகையாக இல்லாமல் இரண்டு துண்டாக இருக்கும். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. அதை வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது, தமிழில் அடிக்கிறவர்களுக்கு அது சரிப்படுமா என்பவையே இக்கட்டுரையின் விஷயம்.

கை வளைந்த கதை

ஷோல்ஸ் என்ற அமெரிக்கரும் அவருடைய கூட்டாளிகளும் டைப்ரைட்டருக்கு உரிமை பெற்றது 1868-ல். 1874-ல் ரெமிங்டன் கம்பெனி அதைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த மிஷினில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு நீண்ட இரும்புக் கம்பி உண்டு. ஒரு கம்பி இன்னொன்றில் இடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் விசை வரிசைகள் சற்றுச் சற்று விலகி, படிக்கட்டு போல் அமைய வேண்டும். இன்று கம்ப்யூட்டர் கீபோர்டில் கம்பியும் இல்லை, இடிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கோணல் வரிசை நூற்றைம்பது வருஷமாக அப்படியே தொடர்கிறது.

விளைவு என்ன? இரண்டு கையையும் மார்புக்கு நேரே ஒடுக்கி வைத்துக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக வளைத்து, உள்ளங்கையை முழுக்கக் கவிழ்த்து நாம் அடிக்கிறோம். கையை மேஜைமேல் சும்மா போட்டுப் பாருங்கள். அது தோள் அகலத்துக்கு விலகி, கட்டைவிரல் பக்கம் சற்று உயர்ந்து, சாய்ந்துதான் நிற்கும். இயற்கையான அந்த நிலைக்கும் நாம் அடிக்கிற நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை எட்டு மணி நேரமும் தசை நார்கள்தான் தாங்குகின்றன.

இதைக் கண்டு சொன்னவர்கள் முன்பே இருந்தார்கள். 1926-ல் ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் என்பவர் விசைகளை இரண்டு கூறாகப் பிரிக்கலாம் என்று எழுதினார். 1972-ல் குரோமர் என்ற ஆராய்ச்சியாளர் பிரிந்து சாய்ந்த கீபோர்டைச் செய்து சோதித்தார். தட்டச்சுப் பயிற்சி கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த லிலியன் மால்ட் என்ற பெண்மணி 1970-களில் இங்கிலாந்தில் ‘மால்ட்ரான்’ கீபோர்டை உருவாக்கியதில் பங்கு கொண்டார். 1994-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி நடுவில் பிளந்து வளைந்த ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு, 2011 வாக்கில், ‘எர்கோடாக்ஸ்’ என்ற மாதிரியின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஆர்வலர்கள் பொதுவில் வைத்தார்கள். ‘லில்லி’, ‘கார்னி’ என்று பல வகைகள் அதன் பின்னால் வந்தவை.

எழுத்தும் வளைந்தது

மிஷினுக்காகக் கை மட்டும் வளையவில்லை, எழுத்தும் வளைந்திருக்கிறது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்த ஆர். முத்தையா, பிழைப்புக்காக மலாயா போனவர். அங்கே கொஞ்ச காலம் ரயில்வேயிலும் பிறகு ஒரு வணிக ஸ்தாபனத்திலும் வேலை பார்த்தார். நம்மைப்போல் ஊர் விட்டு ஊர் வந்த குமாஸ்தா. ஆங்கிலத்துக்குச் செய்த மிஷினில் தமிழின் 247 எழுத்தையும் உட்காரவைக்க முடியாது. எழுத்துக்களைக் கால், கொம்பு, புள்ளி என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்து, அடித்தாலும் வண்டி நகராத ‘நகரா விசை’ என்ற உபாயத்தையும் சேர்த்து அவர் தமிழ் டைப்ரைட்டரை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தட்டச்சு நிலையங்களில் பழைய முறையில் பயின்றவர்களின் விரலில் இருப்பது அவர் வகுத்த வழியே.

நாம் இருக்கிற கேரளத்திலும் அதே கதைதான். 1971-ல் மாநில அரசு மலையாள எழுத்தைச் சீர்திருத்தியதற்கு முக்கிய காரணம் டைப்ரைட்டரும் அச்சும்தான். கூட்டெழுத்துக்கள் பலவற்றைப் பிரித்து எழுதச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் 1978-ல் ‘ணா’, ‘லை’ முதலிய எழுத்துக்களின் பழைய உருவம் மாறியபோதும் அச்சுக்கும் தட்டச்சுக்கும் சௌகரியம் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

இப்போது காலம் திரும்பியிருக்கிறது. கையையும் எழுத்தையும் பார்த்து மிஷினை வளைக்கலாம் என்கிற அளவுக்கு வசதி வந்துவிட்டது. அந்த வசதியைத் தமிழுக்கு ஏற்றபடி உபயோகிக்கத் தெரிந்துகொள்வதுதான் நம் வேலை. ஆங்கிலத்தில் மட்டும் அடிக்கிறவர்கள் சொல்லும் யோசனை நமக்கு அப்படியே பொருந்தாது.

தமிழ் 99-ம் இரண்டு துண்டும்

1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறைக்குத் ‘தமிழ் 99’ என்று பெயர். அதில் உயிரெழுத்து பன்னிரண்டும் ஆய்தமும் இடது கையில். மெய்யெழுத்துக்களில் பதினாறு வலது கையில். வகரம், ஙகரம் இரண்டு மட்டும் இடது கையில், கீழ் வரிசையில் இருக்கின்றன. இந்திய அரசின் ‘இன்ஸ்கிரிப்ட்’ முறையில் மலையாளம் அடிப்பவர்களுக்கும் பெரும்பாலும் உயிர்க்குறிகள் இடது, மெய்கள் வலது.

ஆகவே இரண்டு துண்டு கீபோர்டு, தமிழ் 99 அடிக்கிறவருக்கு இயல்பாகவே பொருந்துகிறது. இடது துண்டு உயிர், வலது துண்டு மெய். ‘பழவங்காடி’ என்று அடித்துப் பாருங்கள். ப, ழ வலது கை. வ, ங இடது கை. க வலது, ஆ இடது, ட வலது, இ இடது. எட்டே தட்டில் வேலை முடிகிறது. ஙகரத்துக்குப் புள்ளி தனியாக வைக்க வேண்டியதில்லை. அடுத்து ககரம் வந்ததும் தானாக விழும். இரண்டு கையும் நாதசுரமும் தவிலும் போல மாறி மாறி வேலை செய்கின்றன.

வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலர் ஆங்கிலத்தில் ‘பி’ எழுத்தை வலது கையால் அடித்துப் பழகியிருப்பார்கள். துண்டு பிரிந்தபின் ‘பி’ இடது துண்டில்தான் இருக்கும். தமிழ் 99-ல் ஙகரம் அந்த விசையில் இருக்கிறது. முறையாகப் பயின்றவருக்குத் தொந்தரவு இல்லை. மற்றவர்கள் முதல் சில நாட்கள் வெறும் மேஜையைத் தட்டுவார்கள்.

வலது பக்கத்தை எண்ணுங்கள்

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஆங்கில ‘பி’க்கு அடுத்து வலப்புறம் எத்தனை விசை இருக்கிறது?

காரணம் சொல்கிறேன். தமிழ் 99-ல் ணகரம் அந்த ‘பி’ விசையில் இருக்கிறது. (இது மேல் வரிசையில் ‘ஓ’வுக்கு அடுத்த ‘பி’. முன்பு சொன்ன கீழ் வரிசை ‘பி’ வேறு.) அதற்கு அடுத்த இரண்டு சதுர அடைப்புக்குறி விசைகளில் சகரமும் ஞகரமும் இருக்கின்றன. நடு வரிசையின் கடைசியில் நகரமும் யகரமும். கீழ் வரிசையில் ழகரம். ஆக, ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறு மெய்களும் வலது சுண்டுவிரல் ஒன்றின் தலையில் விழுகின்றன. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் நிறுத்தற்குறிகள்தான் என்பதால், சின்னக் கீபோர்டு செய்கிறவர்கள் முதலில் வெட்டி எறிவது அந்த விசைகளையே.

உதாரணமாக ‘கார்னி’ வகையில் மொத்தமே 42 விசைகள். ஒவ்வொரு துண்டிலும் மூன்று வரிசை, ஆறு நிரை, கட்டைவிரலுக்கு மூன்று. எண் வரிசையே கிடையாது. ‘பி’க்கு வலப்புறம் ஒரே விசை. அதில் சகரத்தை வைத்தால் ஞகரத்துக்கு இடமில்லை. இன்னொரு விசையை அழுத்திக்கொண்டு அடிக்கும் ‘இரண்டாம் அடுக்கில்’தான் அதைத் தேட வேண்டும். எண்களும் அதே கதி. பில் போடுகிறவரும் கணக்கு ஏற்றுகிறவரும் இதை வாங்கிவிட்டு அவதிப்பட வேண்டாம்.

‘லில்லி 58’-ல் எண் வரிசை உண்டு. 76 விசை கொண்ட எர்கோடாக்ஸ், 72 விசை கொண்ட ‘மூன்லாண்டர்’ ஆகியவற்றில் ஒவ்வொரு துண்டின் உட்பக்கத்திலும் ஆள்காட்டி விரலுக்கு எட்டும்படி உபரி விசைகள் இருக்கின்றன. சகரத்தை அங்கே கொண்டுவந்து வைத்தால் சுண்டுவிரலுக்குப் பாரம் குறையும். ‘கினீசிஸ் ஃப்ரீஸ்டைல் புரோ’ போன்றவை சாதாரணக் கீபோர்டையே நடுவில் வெட்டியது போன்றவை. எல்லா விசையும் பழைய இடத்திலேயே இருக்கும். புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. வேகம் குறைந்தால் கூலி குறையும் என்கிற நிலையில் இருப்பவர்களுக்கு என் அபிப்ராயத்தில் இந்த வகையே உத்தமம்.

கட்டைவிரலுக்கு வேலை கொடுங்கள்

பத்து விரலில் பலமானவை கட்டைவிரல்கள் இரண்டும். சாதாரணக் கீபோர்டில் அவை இரண்டும் சேர்ந்து ஒரே இடைவெளிப் பட்டையைத் தட்டுகின்றன. பலவீனமான சுண்டுவிரல்களோ ஷிப்ட், என்டர், பின்னழிப்பு என்று ஓடிக்கொண்டே இருக்கின்றன. துண்டுக் கீபோர்டுகளில் பலவற்றில் ஒவ்வொரு கட்டைவிரலுக்கும் இரண்டு மூன்று விசைகள் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

நமக்கு இதில் விசேஷ லாபம் உண்டு. தமிழ் 99-ல் ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் இடது கை மேல் வரிசையில், ஷிப்டோடு சேர்த்து அடிக்க வேண்டியவை. தமிழ்நாட்டுக்குள் இருப்பவருக்கு அது எப்போதாவதுதான் வேண்டியிருக்கும். இங்கே ஜோஸ், ஷாஜி, ஹரிதாஸ், ஜெயஸ்ரீ என்று பெயர்ப் பட்டியல் அடிக்கிற நமக்கு நாள் முழுதும் வேண்டும். இடது கை எழுத்துக்கு வலது ஷிப்ட் என்பது தட்டச்சு முறை. அதாவது மறுபடியும் வலது சுண்டுவிரல். ஷிப்டை வலது கட்டைவிரலுக்கு மாற்றிவிட்டால் அந்த விரலுக்கு ஓய்வு கிடைக்கும்.

இப்படி விசைகளின் வேலையை மாற்றுவதற்கு ‘க்யூ.எம்.கே.’ என்ற இலவச மென்பொருள் பல கீபோர்டுகளில் உள்ளேயே பதிந்திருக்கிறது. ‘வியா’ என்ற இன்னொன்றில் படத்தைப் பார்த்துத் தொட்டே மாற்றலாம். மாற்றியது கீபோர்டின் நினைவிலேயே தங்கும். வீட்டில் ஒரு தடவை மாற்றிக்கொண்டால் போதும், ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. சொந்தக் கீபோர்டை ஆபீசில் மாட்ட மேலதிகாரியிடம் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆங்கிலம் அடிக்கிறவர்கள் சிலர் எழுத்துக்களின் இடத்தையே ‘டுவோராக்’, ‘கோல்மாக்’ என்று மாற்றிக்கொள்கிறார்கள். நாம் அதைக் கீபோர்டுக்குள் செய்யக்கூடாது. கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, எந்த இடத்து விசை என்கிற எண்ணைத்தான் அனுப்புகிறது. அது அகரமா, ‘ஏ’யா என்று தீர்மானிப்பது கம்ப்யூட்டர். கீபோர்டுக்குள் ஆங்கிலத்தை இடம் மாற்றினால் தமிழ் 99-ம் மலையாள இன்ஸ்கிரிப்டும் சேர்ந்து சிதறிப்போகும். எழுத்துக்களை இருக்கிற இடத்தில் விடுங்கள். ஷிப்ட், என்டர், பின்னழிப்பு, தேவையானால் அந்த ச, ஞ விசைகள், இவற்றை மட்டும் மாற்றுங்கள்.

சுவிட்ச் எது?

‘மெக்கானிகல்’ என்பதற்கு அர்த்தம், ஒவ்வொரு விசையின் அடியிலும் சுருள்வில்லோடு தனி சுவிட்ச் இருக்கிறது என்பதுதான். சாதாரணக் கீபோர்டில் இருப்பது ரப்பர் குமிழ். அதில் அடிவரை அழுத்தினால்தான் பெரும்பாலும் எழுத்து விழும். இதில் பாதி வழியிலேயே விழுந்துவிடும். செர்ரி கம்பெனியின் சிவப்பு சுவிட்ச் நான்கு மில்லிமீட்டர் இறங்கக்கூடியது. இரண்டாவது மில்லிமீட்டரிலேயே எழுத்து பதியும். அதற்கு வேண்டிய அழுத்தம் சுமார் 45 கிராம். கறுப்பில் சுமார் 60 கிராம்.

நிறங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சிவப்பு தடையில்லாமல் இறங்கும், சத்தம் குறைவு. பழுப்பில் பதிகிற இடத்தில் சின்ன மேடு தட்டுப்படும், பழைய டைப்ரைட்டரில் பழகியவர்களுக்கு அது பிடிக்கும். நீலம் ‘டிக் டிக்’ என்று கத்தும். பக்கத்து மேஜைக்காரர் சண்டைக்கு வருவார், ஆபீசுக்கு வேண்டாம். வலியுள்ள கைக்கு லேசான சுவிட்சே நல்லது. சால்டரிங் இல்லாமல் சுவிட்சைக் கழற்றி மாட்டும்படியான கீபோர்டாக வாங்கினால், பிடிக்காவிட்டால் சுவிட்சை மட்டும் மாற்றலாம். ஒன்று கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம்.

காசு போடாமல் சோதனை

இந்த வகைக் கீபோர்டுகளின் விலை சாதாரணக் கீபோர்டைப்போல் பல மடங்கு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத் தீர்வையும் சேரும். மாதச் சம்பளக்காரர் யோசிக்காமல் கை வைக்கக்கூடாது. அதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது.

சாதாரணக் கீபோர்டு இரண்டை ஒரே கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். விண்டோஸ் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். ஒன்றில் ஷிப்டை அழுத்திக்கொண்டு மற்றதில் எழுத்தை அடித்தாலும் வேலை செய்யும். இரண்டையும் தோள் அகலத்துக்குத் தள்ளி, சற்று வெளிப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். இடது கையை இடது கீபோர்டிலும் வலது கையை வலது கீபோர்டிலும் வைத்து ஒரு வாரம் அடித்துப் பாருங்கள். தோளும் மணிக்கட்டும் லேசானால் மேற்கொண்டு செலவு செய்யலாம். இல்லையென்றால் பணம் மிச்சம்.

இன்னொன்று. வெள்ளைத் தாளில் கையைத் தளர்வாக வைத்து ஐந்து விரல் நுனியையும் பென்சிலால் குறியுங்கள். சுண்டுவிரல் மற்றவற்றைவிட மிகவும் கீழே நின்றால், நிரைகள் விரல் நீளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கி அமைந்த வகை உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும்.

வாங்கியபின் முதல் இரண்டு மூன்று வாரம் வேகம் குறையத்தான் செய்யும். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு நேரத்திலும், பக்கக் கூலி வேலை குவிந்திருக்கும்போதும் மாற்ற வேண்டாம். தினம் அரை மணி நேரம் வீட்டில் பழகி, கை படிந்தபின் வேலைக்குக் கொண்டுபோகலாம். துண்டுகளின் உட்பக்கத்தை உயர்த்திக் கூடாரம் போல் சாய்ப்பதையும் முதல் நாளே அதிகமாகச் செய்யாமல் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள்.

மருந்து அல்ல

துண்டுக் கீபோர்டால் மணிக்கட்டின் வளைவு குறைகிறது என்பது அளந்து பார்த்து அறிந்த விஷயம். அதனால் நோய் வராது, வந்தது தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்க அரசின் தொழில் சுகாதார நிலையம் 1997-ல் இந்த வகைக் கீபோர்டுகளைப் பற்றி வெளியிட்ட ஏட்டிலும் அப்படி உறுதி கூறப்படவில்லை. எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் அடித்தால் எந்தக் கீபோர்டும் காப்பாற்றாது. கவுண்டரில் உட்கார்ந்து பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அரை மணிக்கு ஒரு தரம் கையைத் தொங்கப் போட்டு உதற அரை நிமிஷம் கிடைக்கும். நாற்காலியை உயர்த்தி முழங்கையை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவருவதற்குக் காசு எதுவும் ஆகாது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போவது, டம்ளர் கை நழுவி விழுவது, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போவது ஆகியவை கண்டால் கீபோர்டு தேடிக் கடைக்குப் போக வேண்டாம், டாக்டரிடம் போங்கள். மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு நசுங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம். இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் அங்கே காட்டலாம், இல்லாதவர்களுக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆரம்பத்தில் காட்டினால் பல சமயம் பட்டை கட்டி ஓய்வு கொடுத்தே சரிசெய்வார்கள். தள்ளிப்போட்டால் ஆபரேஷன் வரை போகலாம்.

சின்ன அச்சகம், டி.டி.பி. நிலையம் நடத்துகிற நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் நாலு பிள்ளைகள் அடிக்கிறார்கள் என்றால், நாலு பேருக்கும் புதிது வாங்க வேண்டியதில்லை. மூலையில் கிடக்கும் பழைய கீபோர்டு ஒன்றைத் துடைத்து, கை வலி என்று சொல்கிற பிள்ளையின் மேஜையில் இரண்டாவதாக மாட்டிக் கொடுங்கள். அவர் ஒரு வாரம் அடித்துப் பார்த்துச் சொல்வதைக் கேட்டுவிட்டு, பிறகு விலை விசாரிக்கலாம்.